பெட்டியில் உறங்கும் பாவைகள்

(தஞ்சோங் மாலிமில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாவைக்கூத்து. பொம்மைகளைப் பற்றிப் பேசுவதற்கா இத்தனை பெரியவர்களை அழைத்திருக்கிறார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். இப்பேச்சு நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்ட நமக்கே உரியது. இளமையில் மனமார விரும்பிப் பின்னர்ப் பிழைப்பின் பொருட்டுக் கைவிட்ட ஒரு கலையை நடுவயதில் மீண்டும் கையில் எடுக்க முடியுமா? எடுத்தால் யாருக்கு என்ன பயன்? இவையே நம் முன் உள்ள வினாக்கள். முடியும் என்பதும், அதனால் நம் பிள்ளைகளும் பயன் அடைவார்கள் என்பதும் நம் கருத்து.

நாம் சிறுவர்களாக இருந்த காலத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். லயத்து வீட்டில் இரவு பத்து மணிக்கெல்லாம் மின்சாரம் நின்றுவிடும். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்தால், சுண்ணாம்பு அடித்த சுவரில் நம் கைகளின் நிழல் விழும். இரண்டு விரலை நீட்டினால் முயல். கைகளைக் கோத்தால் பறவை. கட்டை விரலை உயர்த்தினால் நாய். தம்பி தங்கைகள் சிரித்துக் கூத்தாட, நாம் அந்த நாய்க்கும் முயலுக்கும் குரல் கொடுத்தோம். நமக்கு யாரும் அதைக் கற்றுத் தரவில்லை. தகவல் இலாகா வண்டி தோட்டத்துக்கு வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளில், துணிக்குப் பின்புறம் ஓடிச் சென்று அங்கிருந்தும் படம் பார்த்தோம். மலாய் மொழியில் திரைப்படத்தையும் ‘வாயாங்’ என்றே சொல்கிறார்கள். துணியில் ஆடும் நிழல் என்பதே அச்சொல்லுக்குள் இருக்கும் பழைய பொருள். ஆகவே, வெள்ளைத் துணியும் விளக்கும் நிழலும் நமக்குப் புதியவை அல்ல.

பின்னர் என்ன ஆயிற்று? பெரட்டுக்குப் போகும் வயது வந்தது. உளியும் வாளியும் கைக்கு வந்தன. திருமணம், பிள்ளைகள், கடன், பள்ளிச் செலவு என்று ஆண்டுகள் உருண்டன. சுவரில் முயலை ஆடவிட்ட கை, விடியுமுன் எழுந்து மரம் சீவும் கையாக மாறியது. அது குறை அன்று. அக்கைதான் குடும்பத்தைக் காத்தது. ஆனாலும் அந்தப் பழைய ஆசை செத்துவிடவில்லை. பேரக் குழந்தை மடியில் ஏறிக் கதை கேட்கும்போது நம் குரல் தானாகவே அரக்கன் குரலாகவும் குரங்கின் குரலாகவும் மாறுகிறதல்லவா? அந்த ஆசை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இனி, இக்கலை எவ்வளவு பழமையானது என்பதைக் காண்போம். நாணமில்லாத மனிதர் உலவுவது, மரப்பாவை கயிற்றினால் உயிருள்ளது போல் மயக்குவதைப் போன்றது என்னும் கருத்தைத் திருவள்ளுவர் 1020-ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். கயிற்றில் ஆடும் பாவையை மக்கள் கண்டு பழகியிருந்தால் அன்றோ அவர் அதை உவமையாக ஆள முடியும்? தமிழ்நாட்டில் பாவைக்கூத்து இருவகையாக வளர்ந்தது. ஒன்று, மரப்பாவைகளைக் கயிற்றாலும் கம்பியாலும் ஆட்டும் பொம்மலாட்டம். கும்பகோணம் மணி ஐயரின் குழு இதில் பெரும்புகழ் பெற்றது. ஆட்டுநர் தம் தலையில் ஒரு வளையத்தை அணிந்து, அதில் பாவையின் கயிறுகளைக் கட்டிக்கொள்வார். நான்கரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் கொண்ட பாவைகளும் உண்டு. அத்தனை பாரத்தையும் தலையில் தாங்கிக்கொண்டு, கையில் உள்ள கம்பிகளால் அபிநயம் பிடிக்க வைப்பார்.

மற்றொன்று தோற்பாவைக்கூத்து. ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும் அளவுக்குச் சுரண்டி, உருவம் வெட்டி, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டுவது அது. கன்னியாகுமரி, நெல்லை, மதுரைப் பகுதிகளில் இதை நடத்தி வந்தவர்கள் மராத்தி மரபினர். அவர்கள் வீட்டில் பேசுவது மராத்தி. திரைக்குப் பின்னால் பேசுவது தமிழ். இராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றிவிட்டால் கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். ஊர்க்கதையையும் அன்றாடச் செய்தியையும் இவ்விருவர் வாயில் வைத்துவிடுவது கூத்தின் வழக்கம்.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். பாலக்காட்டுப் பகுதியின் பத்திரகாளி கோயில்களில், கூத்துமாடம் என்னும் தனி மேடையில், 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, இரவிரவாகத் தோற்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். அங்கே பாடப்படுபவை கம்பராமாயணத்துத் தமிழ்ப் பாடல்கள்! மலையாள மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாடலை மனனம் செய்து காத்து வந்தவர்கள் பாவை ஆட்டும் புலவர்கள். அவர்களுள் கிருஷ்ணன்குட்டிப் புலவர் பெயர் பெற்றவர். அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்களே ஆட்டிவந்த அக்கூத்தில், இராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா பெண்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்திருக்கிறார்.

இந்தியாவை விட்டு நம் மலேசியாவுக்கு வருவோம். கிளந்தானின் வாயாங் கூலிட்டை அறியாதவர் யார்? அதன் கதைக்கரு இராமாயணமே. இராமன் செரி ராமா ஆகிறான். சீதை சித்தி டேவி ஆகிறாள். இலக்குவன் லக்ஸ்மானா ஆகிறான். நம்முடைய உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் அங்கே இரு கூட்டாளிகள் இருக்கிறார்கள்: பாக் டோகோல், வாக் லோங். பாவையை ஆட்டுபவரைத் தோக் டாலாங் என்பர். அவர் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரல்களிலும் பேசிப் பாடி, பின்னால் அமர்ந்திருக்கும் செருனாய், கெண்டாங், தெத்தாவாக் வாத்தியக்காரர்களையும் வழிநடத்துவார். அத்தகையவருள் ஒருவரான ஹம்சா அவாங் அமாட்டுக்கு 1993-ஆம் ஆண்டில் தேசியக் கலைஞர் விருதை அளித்து நாடு பெருமைப்படுத்தியது. இயோ ஹோக் செங் என்னும் சீனரும் கிளந்தான் மலாய்ப் பேச்சிலேயே வாயாங் கூலிட் நடத்திப் பெயர் பெற்றிருக்கிறார். வெள்ளைத் திரைக்குப் பின்னால் இனமும் மொழியும் தடையாக நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தோழர்களே, இப்போது நம் மையக் கேள்விக்கு வருவோம். ஒருமுறை நின்றுபோன கலையை மீண்டும் தொடங்க முடியுமா?

கேரளத்தில் பாவைக்கதகளி என்று ஒரு கலை உண்டு. கைக்குள் நுழைத்து ஆட்டும் சிறு பாவைகளுக்குக் கதகளி வேடமும் கிரீடமும் அணிவித்து ஆடுவது. ஆள்காட்டி விரல் பாவையின் தலைக்குள். கட்டைவிரலும் நடுவிரலும் அதன் இரு கைகளுக்குள். பாலக்காட்டு மாவட்டத்துப் பருத்திப்புள்ளியில் சில குடும்பங்கள் பரம்பரையாக இதைச் செய்து ஊர் ஊராகச் சென்று வந்தன. காலம் மாறியது, ஆதரவு குறைந்தது, ஆட்டம் நின்றது, பாவைகள் வீட்டுக்குள் முடங்கின. கைவினைகளையும் நாட்டுக் கலைகளையும் காக்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்தியாயாவின் தூண்டுதலால், இரிஞ்ஞாலக்குடாவில் நடனகைரளி என்னும் நிலையத்தை நிறுவிய ஜி. வேணு என்னும் கலைஞர் 1980-களின் தொடக்கத்தில் அக்குடும்பத்தாரைத் தேடிச் சென்றார். பாவைகளைச் செப்பனிட்டு, பாட்டையும் அசைவையும் மீண்டும் பழக்கினார். பின்னர் அக்கலை கடல் கடந்து பல நாடுகளின் மேடைகளையும் கண்டது.

இதில் நாம் உணரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆட்டம் நின்ற பின்னும் அக்குடும்பங்களின் நினைவிலும் கைகளிலும் கலை மிஞ்சியிருந்தது. அதனால்தான் வேணுவால் அதை மீட்க முடிந்தது. இன்னும் ஒரு தலைமுறை கழித்துச் சென்றிருந்தால், மரப்பாவை மட்டுமே கிடைத்திருக்கும்; அதை ஆட்டத் தெரிந்த விரல் கிடைத்திருக்காது. கண்டவர்கள் இருக்கும்போதே கலையை மீட்க வேண்டும்.

நாமும் அப்படிப்பட்ட தலைமுறைதான். தோட்டத்துக் கோயில் திடலில் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் விடிய விடியக் கண்டவர்கள் நாம். தஞ்சோங் மாலிமையும் பேராங்கையும் கலும்பாங்கையும் சுற்றியிருந்த ரப்பர் நிலங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். திடல் போனபின் அத்திடலில் ஆடிய கதைகள் எங்கே தங்கும்? நம் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நமக்கு ஒரு கருவி வேண்டும். இருபது பேர் கொண்ட கூத்துக் குழுவை இன்று திரட்டுவது அரிது. ஆனால், ஒரு துணி, ஒரு விளக்கு, மூன்று பேர் இருந்தால் நிழற்பாவைக்கூத்து நடத்தலாம்.

வயதாகிவிட்டதே என்று தயங்குவோர்க்கு ஜெர்மானியப் பெருங்கவிஞர் கெத்தேயின் வரலாற்றைச் சொல்லலாம். 1749-ஆம் ஆண்டில் பிறந்த அவருக்கு, நான்கு வயதில், 1753-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் பரிசாக அவருடைய பாட்டி ஒரு சிறு பொம்மலாட்ட மேடையை அளித்தார். பிசாசுக்குத் தன்னை விற்ற அறிஞன் ஃபாவுஸ்டின் கதை, அந்நாட்டில் பொம்மலாட்டமாக ஆடப்பட்டு வந்த கதை. அக்கதை கெத்தேயின் மனத்தை விட்டு அகலவேயில்லை. 1808-ஆம் ஆண்டில், ஏறக்குறைய அறுபது வயதை எட்டியபோது, ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். இரண்டாம் பகுதியை எண்பது வயதுக்கு மேல்தான் முடித்தார். பாட்டி அளித்த அந்தச் சிறு மேடை பிராங்பர்ட் நகரில் அவர் பிறந்த இல்லத்தில் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

நம் நாட்டிலேயும் காட்டுகள் உண்டு. தின்தோய் சுவோ என்னும் வடிவமைப்பாளர், விண்வெளிப் போர் பற்றிய ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் பாத்திரங்களை வாயாங் கூலிட் பாவைகளாக்க விரும்பினார். பாக் டாய்ன் என்று அழைக்கப்படும் மூத்த தோக் டாலாங் முகமது டாய்ன் ஒத்மான், ‘எனக்கு இது தெரியாது’ என்று ஒதுங்கிவிடாமல் அவரோடு கைகோத்தார். பழைய கலையின் இலக்கணத்தை அவர் கற்பித்தார். புதிய கதையை இளையவர் கொண்டுவந்தார். அதுவரை வாயாங் கூலிட்டைத் திரும்பியும் பாராத நகரத்து இளைஞர்கள் திரையின் முன் வந்து அமர்ந்தார்கள்.

கேரளத்தில் மேலுதட்டில் கம்பை நிறுத்தி, அதன்மேல் பாவையை ஆட்டும் நோக்குவித்தைப் பாவைக்களியைக் காத்துவந்த மூழிக்கல் பங்கஜாட்சி அம்மையாருக்கு 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவரிடம் அதைக் கற்றுக்கொண்டவர் அவருடைய பேத்தி. கர்நாடகத்துத் தோற்பாவைக் கலைஞர் பீமவ்வா அம்மையார் 2025-ஆம் ஆண்டில் அதே விருதைப் பெற்றபோது அவருக்கு வயது 96. இவர்கள் இளமை முதல் இக்கலையிலேயே வாழ்ந்தவர்கள். இடையில் விட்டுவிட்ட நாம் நம்மை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியாது. ஆயினும் இக்கலை முதுமையை வாசலில் நிறுத்தி வைப்பதில்லை என்பதை அவர்கள் வாழ்வு காட்டுகிறது.

அது ஏன் என்று சிந்திக்க வேண்டும். நடனத்துக்கு இளைய உடல் வேண்டும். நாடக மேடைக்கு முகப்பொலிவு வேண்டும் என்பார்கள். நிழற்பாவைக்கூத்தில் ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார். அவருடைய நரையையும் கூனையும் யாரும் காண்பதில்லை. அங்கே வேண்டியவை குரல், நினைவாற்றல், பொறுமை, உலக அனுபவம். கோபித்த மாமியார் எப்படிப் பேசுவார், கடன் கேட்க வந்தவன் எப்படி இழுப்பான், அதிகாரி முன் ஏழை எப்படித் தயங்குவான் என்பதை இருபது வயது இளைஞர் கேட்டுத்தான் அறிய வேண்டும். நாமோ வாழ்ந்து அறிந்திருக்கிறோம்.

மேலும் ஒன்று. பாவைத் தோலில் நகையும் ஆடை வேலைப்பாடும் சிறு சிறு துளைகளாகவே செதுக்கப்படுகின்றன. அதற்குப் பயன்படுவதும் உளிதான். சற்று அழுத்தினால் தோல் கிழியும். அழுத்தாவிட்டால் துளை விழாது. மரத்துக்குக் காயம் படாமல், அதே வேளை பால் குறையாமல் பட்டையை மெல்லியதாகச் சீவத் தெரிந்த கைகளுக்கு அந்த அளவைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டுமோ? ரப்பர் தொழிலாளியின் கை முரட்டுக் கை என்று எண்ணுவோர், அவர் சீவிய பட்டையை உற்றுப் பார்த்ததில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? முதலிலேயே தோலைத் தேடி அலைய வேண்டாம். தடித்த அட்டை போதும். உருவத்தைப் பக்கவாட்டு முகமாக வரைந்து வெட்டுங்கள். நேர்முகம் நிழலில் தெளிவாகத் தெரியாது. கண்ணையும் காதணியையும் ஆடைக் கரையையும் துளையிடுங்கள். துளைகளில் வண்ணக் கண்ணாடித் தாளை ஒட்டினால் நிழலிலும் நிறம் தோன்றும். தோளிலும் முழங்கையிலும் தனித்தனித் துண்டுகளாக வெட்டி, நூல் முடிச்சால் இணைத்தால் கை அசையும். உடலுக்கு ஒரு மூங்கிற் குச்சி, ஆடும் கைக்கு ஒரு மெல்லிய குச்சி. வெளுத்த வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, ஆட்டுபவரின் தலைக்குச் சற்று மேலே, திரைக்குப் பின்னால், ஒரே ஒரு மின்விளக்கைத் தொங்கவிடுங்கள். இரண்டு விளக்கு வைத்தால் நிழல் இரண்டாகும். துணிக்கு அருகே சுடர் விளக்கு வேண்டவே வேண்டாம். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாகும். விளக்கை நோக்கிப் பின்னுக்கு இழுத்தால் உருவம் பெரிதாகி மங்கும். அரக்கன் வளர்வதையும் ஆவி மறைவதையும் இந்த ஓர் உத்தியாலேயே காட்டிவிடலாம்.

கதை பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இராமாயணம் முழுவதையும் முதல் இரவிலேயே ஆடிவிட எண்ண வேண்டாம். அனுமன் இலங்கைக்குத் தாவுவது போதும். அல்லது தோட்டத்தில் நாம் அறிந்த ஒரு வேடிக்கைச் சம்பவம் போதும். பேசுபவர் ஒருவர், பாவை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், தப்போ உறுமியோ தட்டுபவர் ஒருவர். அந்த மூன்றாமவராக ஒரு பள்ளிச் சிறுவனையோ சிறுமியையோ அமர்த்திக்கொள்ளுங்கள். அங்கேதான் கலை அடுத்த தலைமுறைக்குத் தாவுகிறது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். மழை பெய்து மரம் வெட்ட முடியாத காலைப் பொழுதுகள் இருக்கின்றன. இலையுதிர்ந்து பால் குறையும் மாதங்கள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலைகளைக் கடைத்தெருவிலிருந்து மீட்டெடுத்தாலே போதுமானது. உதவி எங்கே என்று கேட்பீர்கள். நம் தஞ்சோங் மாலிமில் 1922-ஆம் ஆண்டில் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997 முதல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. இசைக்கும் நிகழ்கலைகளுக்கும் அங்கே தனித் துறை உண்டு. தமிழாசிரியர்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். நம்மிடம் கதை இருக்கிறது. அவர்களிடம் ஆய்வும் ஆர்வமும் இருக்கின்றன. ஒரு மாலைப் பொழுது அவர்களை அழைத்து நம் திரையின் முன் அமர வைப்போம்.

ஊர் சிரிக்குமே என்னும் அச்சம்தான் எல்லாவற்றிலும் பெரிய தடை. ‘பேரன் எடுத்த வயதில் பொம்மை விளையாட்டா?’ என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். கேட்கட்டும். ஊரைச் சிரிக்க வைப்பதுதானே கூத்தின் வேலை! அந்தக் கேள்வியையே உச்சிக்குடும்பன் வாயில் வைத்து, பதிலை உளுவத்தலையன் வாயில் வைத்துவிடுங்கள். கேட்டவரே முதல் வரிசையில் வந்து உட்காருவார்.

இக்கலை நமக்குப் பெரும் பொருளை ஈட்டித் தராது. அதை மறைக்க வேண்டியதில்லை. பாவைக்கூத்தைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களே வருவாய் குன்றி வேறு வேலைக்குச் சென்றதைத் தமிழ்நாட்டில் கண்டோம். நாம் பிழைப்புக்காக இதைத் தொடங்கவில்லை. நாள் முழுதும் உழைக்கும் மனிதனுக்கு, தன் கை கூலிக்காக மட்டும் அமைந்ததன்று என்று உணரும் ஒரு மணி நேரம் வேண்டும். தன் தந்தைக்கு இப்படி ஒரு திறமை இருந்ததா என்று பிள்ளை வியக்கும் ஒரு மாலை வேண்டும். சம்பளச் சீட்டில் வராத வருவாய் அது.

மார்ச் 21-ஆம் நாளை உலகெங்கும் பாவைக்கூத்து நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்து வரும் அந்நாளில், நம் தோட்டங்களில் ஏதேனும் ஒரு மண்டபத்திலோ கோயில் திடலிலோ ஒரு வெள்ளைத் துணி கட்டப்பட வேண்டும். அட்டை அனுமன் ஒருவனாவது அதில் தாவ வேண்டும். அதை ஆட்டும் கை, காலையில் உளி பிடித்த கையாக இருக்க வேண்டும். இதுவே நம் வேண்டுகோள்.